மூணு பேர், ஒரு ரிங், ஆயிரம் சாக்கு

வைஷ்ணவி யாதவ், சியா தேவ்தர், அனுமரியா ஷாஜு, யஷ்னீத் கவுர்.

இந்த நாலு பேர் யார் என்று கூகுள் ஆண்டவரைக் கேட்காமல் சொல்லத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். ம்ஹூம்... ஒரு கையும் காணோம். ரொம்ப நெளிய வேண்டாம், எதிர்பார்த்ததுதான்.

2023 செப்டம்பர் கடைசியில் சீனாவின் ஹாங்ஜோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இந்தியா 107 பதக்கம் வாங்கி, முதல் முறையாக நூறைத் தாண்டி, ஊரே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்ததே, அதே போட்டி. அதில் பெண்கள் 3×3 கூடைப்பந்தில் இந்தியாவுக்காக ஆடியவர்கள் இவர்கள். மொத்த டீமே நாலு பேர்தான். மூணு பேர் உள்ளே, ஒருத்தர் வெளியே. கிரிக்கெட் டீமில் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் பெயர் வரைக்கும் நமக்கு மனப்பாடம். நாலே பேர் இருக்கிற டீமில் ஒரு பெயர்கூடத் தெரியவில்லை என்றால் அதற்கு ஞாபகமறதி என்று பெயர் வைக்க முடியாது.

அப்போது நான் ஃபர்ஸ்ட் இயர். ஹாஸ்டலில் டிவி உண்டு. அதில் என்ன ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் சீனியர் அக்காக்களுக்கு மட்டும்தான் உண்டு. அதனால் போனில் ஸ்கோர் பக்கத்தை விரலால் இழுத்து இழுத்துத்தான் இந்த டீமைப் பின்தொடர்ந்தேன். பத்து நிமிஷ ஆட்டம். நெட்வொர்க் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் நாலு கூடை விழுந்திருக்கும். முதல் மேட்சில் உஸ்பெகிஸ்தானை ஜெயித்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ரூம் அக்கா ஓடி வந்து, "என்னடி, இந்தியா-பாகிஸ்தான் மேட்சா?" என்று கேட்டார். அப்புறம் பதக்கம் வரைக்கும் போகாமலே நம்ம டீம் வெளியே வந்துவிட்டது. சீனா தங்கம். மங்கோலியா வெள்ளி.

"அனுபவம் போதவில்லை", "போராடித் தோற்றார்கள்" என்று ரெண்டு வரி எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். எனக்கு அப்படி விட மனசில்லை. அந்தத் தோல்விக்குக் காரணத்தை ஹாங்ஜோவில் தேடுகிறவர்கள் தப்பான ஊரில் தேடுகிறார்கள். அது இங்கே மதுரையில், மேலூரில், திருமங்கலத்தில், உசிலம்பட்டியில் கிடக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன். டீ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு பாரா. சாதாரண கூடைப்பந்தில் பக்கத்துக்கு அஞ்சு பேர், ரெண்டு ரிங், நாலு குவார்ட்டர். 3×3ல் பக்கத்துக்கு மூணு பேர், ரெண்டு டீமுக்கும் சேர்த்து ஒரே ரிங். களம் 15 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளம். வளைவுக்கு உள்ளே இருந்து போட்டால் 1 புள்ளி, வெளியே இருந்து போட்டால் 2. பத்து நிமிஷம் முடியும்போது யார் முன்னால் இருக்கிறாரோ அவர் ஜெயித்தார். அதற்கு முன்னாலேயே யாராவது 21 எடுத்துவிட்டால் அங்கேயே கதை முடிந்தது. பந்து கைக்கு வந்து 12 செகண்டுக்குள் ரிங்கை நோக்கிப் போட்டாக வேண்டும். மூச்சு விட நேரம் இல்லாத ஆட்டம். கபடியில் ரெய்டு போவது மாதிரி, கண்ணிமைத்தால் போச்சு. 2010ல் சிங்கப்பூரில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் வந்து, 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெரியவர்களுக்கும் வந்துவிட்டது. டோக்கியோவில் அமெரிக்கப் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். 2024 பாரிஸில் ஜெர்மனி. கூடைப்பந்தில் ஒலிம்பிக் பதக்கமே பார்த்திராத ஜெர்மனி, நாலு பெண்களை அனுப்பி நேரே தங்கத்தையே தூக்கிக்கொண்டு போனது.

இந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. அஞ்சு பேர் ஆட்டத்தில் ஒரு நாடு மேலே வர வேண்டும் என்றால் பன்னிரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் வேண்டும், உள்ளரங்கம் வேண்டும், லீக் வேண்டும், ஸ்பான்சர் வேண்டும். 3×3க்கு நாலு பேர் போதும். இல்லாதப்பட்டவர்களுக்காகவே திறந்து வைத்த பக்கவாட்டுக் கதவு மாதிரி. அந்தக் கதவு திறந்தபோது அதன் வாசலில் முதல் ஆளாக நின்றது யார் தெரியுமா?

நாம்தான்!

2013ல் கத்தாரின் தோஹாவில் முதல் ஃபிபா ஆசிய 3×3 சாம்பியன்ஷிப் நடந்தது. (ஃபிஃபா இல்லை மக்களே, அது கால்பந்து. இது ஃபிபா, கூடைப்பந்து.) பெண்கள் பிரிவில் தங்கம் இந்தியாவுக்கு. சீனாவைப் பற்றியோ ஜப்பானைப் பற்றியோ பேசவில்லை, இந்தியாவைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்த டீமில் நம்ம சென்னை அனிதா பால்துரை இருந்தார். குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து 2017ல் இந்தியாவுக்கு ஆடியவர், 2021ல் பத்மஸ்ரீ வாங்கியவர். அந்த வருஷம் ஆசியா முழுக்க, மங்கோலியா உட்பட எல்லாரும் நமக்குப் பின்னால்தான்.

அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள்.

மங்கோலியப் பெண்கள் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினார்கள். அந்த நாட்டின் வரலாற்றில் எந்தக் குழு விளையாட்டிலும் ஒலிம்பிக் போன முதல் டீம் அதுதான். தொடக்க விழாவில் தேசியக் கொடி பிடித்து நடந்தவர்களில் ஒருவர் அந்த டீமின் ஆட்டக்காரர் குலான் ஓனோல்பாதர். 2023ல் ஆசிய விளையாட்டில் வெள்ளி. 2025ல் 3×3 உலகக் கோப்பையையே தங்கள் தலைநகர் உலான்பாதருக்குக் கொண்டு வந்து, ஊர் ஜனம் முன்னால் ஃபைனல் வரைக்கும் போய், நெதர்லாந்திடம் தோற்று வெள்ளி வாங்கினார்கள்.

மங்கோலியாவின் மொத்த மக்கள்தொகை சுமார் 35 லட்சம். நம்ம மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்புப்படி, 30 லட்சத்து 38 ஆயிரம். அதாவது ஏறக்குறைய ஒரு மதுரை மாவட்டம் ஒலிம்பிக்குக்குப் போய், உலகக் கோப்பையில் வெள்ளி வாங்கியிருக்கிறது. குளிர்காலத்தில் மைனஸ் 30 வரை போகிற ஊர் அது. வெளியே பந்து தட்டினால் விரல் விறைத்துவிடும். இங்கே சித்திரை வெயிலைத் தவிர வருஷம் பூரா வெளியே ஆடலாம். சாயங்காலம் வைகைப் பக்கமிருந்து காற்று வேறு வரும் (தண்ணீர்தான் வராது).

"அவங்க ஏதோ அரசாங்கமே கோடி கோடியாகக் கொட்டியிருக்கும்" என்று ஒரு குரல் கேட்கிறது. பணம் செலவாகியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் டோக்கியோவுக்குப் போன வழி வேறு, அதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கும் எரியும். டோக்கியோவில் பெண்களுக்கு எட்டு இடம். அதில் நாலு இடம் 2019 நவம்பர் 1ஆம் தேதி உலகத் தரவரிசையை வைத்துக் கொடுக்கப்பட்டது. ரஷ்யா, சீனா, மங்கோலியா, ருமேனியா. ஒரு தகுதிச்சுற்று மேட்சும் ஆடாமல் தரவரிசையிலேயே மங்கோலியா உள்ளே போய்விட்டது.

சரி, அந்தத் தரவரிசை எப்படி வருகிறது? எனக்குத் தெரிந்து இதைப் பற்றி நம்ம ஊர் பி.டி. டீச்சர்களில் முக்கால்வாசிப் பேருக்கு யாரும் சொன்னதே இல்லை. அஞ்சு பேர் ஆட்டத்தில் நாடு ஜெயித்தால் நாட்டுக்குப் புள்ளி. 3×3ல் அப்படி இல்லை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனித்தனியாகப் புள்ளிக் கணக்கு உண்டு, பேங்க் அக்கவுண்ட் மாதிரி. உங்கள் ஊரில் ஒரு 3×3 போட்டி நடத்துகிறீர்கள். அதை ஃபிபாவின் 3×3 தளத்தில் பதிவு செய்கிறீர்கள். ஆடுகிறவர்களும் அங்கே தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்கிறார்கள். போட்டி முடிந்ததும் ரிசல்ட்டை ஏற்றினால், ஆடிய ஒவ்வொருவர் கணக்கிலும் புள்ளி விழும். பெரிய போட்டி என்றால் நிறைய, சின்னப் போட்டி என்றால் கொஞ்சம், ஆனால் விழும். கடைசி 12 மாதக் கணக்குத்தான் செல்லும், பழசு கழிந்துகொண்டே போகும். ஒரு நாட்டின் முன்னணி ஆட்டக்காரர்களின் புள்ளிகளைக் கூட்டினால் அது அந்த நாட்டின் புள்ளி.

இன்னொரு தடவை படியுங்கள். ஊரில் நடக்கிற போட்டி நாட்டின் தரவரிசையில் சேர்கிறது. இது டெல்லியில் உட்கார்ந்திருக்கிற சம்மேளனம் மட்டும் செய்கிற வேலை இல்லை. ஒரு தெரு, ஒரு காலேஜ், ஒரு திருவிழாக் கமிட்டி செய்யக்கூடிய வேலை. உலகத்தில் வேறு எந்த ஒலிம்பிக் குழு விளையாட்டிலாவது உசிலம்பட்டியில் நடக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இப்படி ஒரு மதிப்பு உண்டா?

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். போட்டி நடத்துவது நமக்குப் புதுசா என்ன? மதுரையைச் சுற்றி எந்தக் கிராமத்துக்கு வேண்டுமானாலும் திருவிழா சமயத்தில் போய்ப் பாருங்கள். ஊர் எல்லையில் ஃபிளக்ஸ் நிற்கும். "மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி", "சுழற்கோப்பை", "முதல் பரிசு உபயம் இன்னார்", கீழே இருபது பேர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ராத்திரி முழுக்க மைக்கில் கமெண்டரி, விடிய விடிய ஆட்டம், ஆட வந்த டீமுக்கெல்லாம் சாப்பாடு. கபடி இல்லையென்றால் கைப்பந்து, அதுவும் இல்லையென்றால் டென்னிஸ் பால் கிரிக்கெட். போட்டி நடத்துவதில் நம்ம இளைஞர் மன்றங்களை அடித்துக்கொள்ள உலகத்தில் ஆள் கிடையாது. ஐ.நா. சபையையே கூப்பிட்டு நடத்திக் காட்டுவார்கள். இந்தத் திறமை எல்லாம் ஆம்பளைப் பசங்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்டால்தான் மைக் ஆஃப் ஆகிவிடும்.

கூடைப்பந்துக்கும் இங்கே வேர் இல்லாமல் இல்லை. பழைய மதுரை மாவட்டத்தில் இருந்து, இப்போது தேனி மாவட்டத்தில் இருக்கிற பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. தலைமுறைகளாக நடக்கிறது. ஒரு சின்ன ஊர், இந்தியாவின் பெரிய டீம்களையெல்லாம் வரவழைத்து, கேலரி நிறையக் கூட்டம் சேர்த்து நடத்துகிறது என்றால் அதற்கு ஒரு சல்யூட். ஆனால் அந்தக் கோப்பை ஆண்களுக்கு. கோயம்புத்தூரில் ஆண்களுக்கு நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, கூடவே பெண்களுக்கு சி.ஆர்.ஐ. கோப்பை என்று சேர்த்து நடத்துகிறார்கள். வைகைக் கரையில் மட்டும் என்ன தடை?

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்றே தனி அரங்கம் திறந்தார்கள். 2025 கடைசியில் ஜூனியர் ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது, ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் அதற்காகப் புதுசாக ஹாக்கி மைதானமே வந்தது. நல்ல விஷயம். ஜெர்மனிக்காரன் மதுரையில் வந்து ஹாக்கி ஆடுகிறான் என்றால் பெருமையாகத்தான் இருக்கிறது. காளைக்கு ஒரு அரங்கம், பையன்களுக்கு ஒரு மைதானம். பெண் பிள்ளைகளுக்கு 15 மீட்டருக்கு 11 மீட்டர் கேட்டால் "இடம் பார்ப்போம்" என்கிறார்கள். இத்தனைக்கும் புதுசாகக் கட்டவே வேண்டாம். ஸ்கூலில், காலேஜில் ஏற்கெனவே இருக்கிற ஒரு முழு கோர்ட்டில் ரெண்டு 3×3 கோர்ட் அடங்கும். ஒரே சமயத்தில் நாலு டீம் ஆடலாம்.

ஒலிம்பிக்குக்கே நம் வாசல் வரை ஒரு பாதை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவுக்கான 3×3 தகுதிச்சுற்று 2020 மார்ச்சில் பெங்களூரில் நடப்பதாக இருந்தது. மதுரையில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் இறங்கிப் பார்த்திருக்கலாம். கொரோனா வந்தது, போட்டி தள்ளிப்போய் 2021 மே மாதம் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் நடந்தது. கொரோனாவை நான் குறை சொல்ல முடியாது. பெங்களூர் போட்டி நடந்திருந்தாலும் நம்ம ஊரிலிருந்து எத்தனை பேர் ரயில் ஏறியிருப்போம் என்பது வேறு கேள்வி.

இனி சாக்குகள். எனக்குத் தெரிந்து மூணு உண்டு. முதல் ரெண்டு சப்பை, சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

"கிரிக்கெட்தான் மற்ற விளையாட்டை எல்லாம் சாப்பிட்டுவிட்டது." இதை நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெண்கள் கிரிக்கெட்டை மட்டும் நாம் என்ன தலையில் தூக்கி வைத்தா ஆடினோம்? அவர்களுக்கும் காலி கேலரிதான் பல வருஷம். 2023ல் பெண்களுக்கு லீக் வந்தது, மேட்ச் வந்தது, டிவியில் முகம் வந்தது. 2025 நவம்பரில் உலகக் கோப்பை வந்தது. நிறைய ஆடவிட்டால் ஜெயிக்கிறார்கள், இதில் ரகசியம் எதுவும் இல்லை. கிரிக்கெட்டைத் திட்டுவதற்குப் பதில் அதைப் பார்த்துக் காப்பி அடிக்கலாம்.

"நம்ம பொண்ணுங்களுக்கு ஹைட் பத்தாது." மங்கோலியா என்ன பனைமரத் தோப்பா? உயரம் உதவும், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் 12 செகண்டில் முடிவெடுத்து, ஒரே ரிங்குக்குக் கீழே மூணு பேர் இடித்துப் புரண்டு ஆடுகிற ஆட்டத்தில் காலும் நுரையீரலும் பேசும். கோகோவும் கபடியும் ஆடி வளர்ந்த பிள்ளைகள் நிறைந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

மூணாவது சாக்குதான் அசலானது. அதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. "பத்திரம்" என்பார்கள், "வெயில்ல கறுத்துப் போயிடுவா" என்பார்கள், "பப்ளிக் எக்ஸாம் வருது" என்பார்கள், "ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டு ரோட்டோரமா ஆடுறதா" என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். என்னோடு ஸ்கூலில் ஆடிய ஒருத்தி, எங்கள் டீமிலேயே அவள்தான் கெட்டி. (நான் பெஞ்சைச் சூடாக்கும் ரகம், ஒளிவு மறைவு இல்லை.) இடது கையால் லேஅப் போடுவாள், பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். பத்தாவது முடிந்ததும் "போதும்மா" என்று நிறுத்திவிட்டார்கள். சண்டை கிடையாது, அடி கிடையாது, அழுகைகூடக் கிடையாது. ஷூவை அவள் சித்தி பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். காலேஜுக்கு வந்தால் அங்கே வேறு கதை. கேம்பஸில் கோர்ட் இருக்கிறது, ரிங் இருக்கிறது, வலை போய் ரொம்ப நாள் ஆயிற்று. பெண்கள் ஆறு மணிக்கு மேல் கிரவுண்டில் நிற்கக் கூடாது. ஆறு மணி வரை வெயில், ஆறு மணிக்கு மேல் ரூல். அப்புறம் எப்போதுதான் ஆடுவதாம்?

இந்த இடத்தில் 3×3க்கு ஒரு விசேஷம் உண்டு, எனக்கு இந்த ஆட்டம் பிடித்துப் போனதற்கே அதுதான் காரணம். டோக்கியோவிலும் ஹாங்ஜோவிலும் பாரிஸிலும் நடந்த 3×3 மேட்சுகளில் பெஞ்சில் கோச் கிடையாது. கோட்டுக்கு வெளியே நின்று "பாஸ் போடு, பாஸ் போடு" என்று கத்த ஆள் இல்லை. டைம் அவுட் எடுப்பதா வேண்டாமா, யார் வெளியே போவது, யார் உள்ளே வருவது, கடைசி 12 செகண்டில் 1 புள்ளிக்குப் போவதா 2 புள்ளிக்குப் போவதா, எல்லாம் அந்த நாலு பெண்களே அங்கேயே முடிவு செய்ய வேண்டும். களத்தில் இருப்பவள் மூச்சு வாங்கினால் தானே ஓடி வந்து, வெளியே நிற்பவள் கையைத் தட்டிவிட்டு மாறிக்கொள்வாள். ரெஃப்ரியிடம் அனுமதி கேட்கும் வேலைகூட இல்லை.

யோசித்துப் பாருங்கள். எந்த குரூப் எடுப்பது, எந்தக் காலேஜ், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவது, யாரோடு பேசுவது என்று எல்லாவற்றிலும் ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கிற ஊர் இது. அந்த ஊரிலிருந்து ஒரு பெண்ணை எடுத்து, பத்து நிமிஷத்துக்கு யாரும் எதுவும் சொல்லாத ஒரு களத்தில் விட்டால் அவள் திணறாமல் என்ன செய்வாள்? முடிவெடுக்கிற பழக்கம் சர்வதேசப் போட்டிக்கு முந்தின வாரம் நடக்கிற கேம்ப்பில் வராது. நூறு சின்னப் போட்டிகளில், தப்பு முடிவெடுத்துத் தோற்று, மறுபடி எடுத்துத் தோற்றுத்தான் வரும். மங்கோலியப் பெண்களுக்கு அந்த நூறு கிடைத்தது. நம்மவர்களுக்கு இல்லை. இதை எழுதும்போதே எனக்குத் தெரியும், சில கோச்மார்களுக்கு இந்த ஆட்டம் பிடிக்காததற்கும் காரணம் இதுவேதான். "அரை கோர்ட்ல ஆடுறது எல்லாம் ஒரு கேமா" என்று சொல்லும்போது அவர்கள் அளப்பது கோர்ட்டை மட்டும்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு :-)

திறமை இல்லை என்று யாராவது ஆரம்பித்தால் சக்கிமங்கலத்துக்கு பஸ் ஏறச் சொல்லுங்கள். மதுரைக்குப் பக்கத்து ஊர். அங்கே பாட்டியிடம் வளர்ந்து, ஆரம்பத்தில் ஷூ இல்லாமல் வெறுங்காலில் ஓடிய ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். லேடி டோக் காலேஜில் படித்தவர். பள்ளிகளுக்கு இடையே நடந்த ஒரு போட்டியில் அவர் ஓடியதைப் பார்த்த கோச் கண்ணன்தான், வேண்டாம் என்று தயங்கிய பாட்டியிடம் பேசிக் கூட்டிக்கொண்டு போனார். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் போட்டி. அது நடந்திருக்காவிட்டால் கண்ணன் சார் யாரைப் பார்த்திருப்பார்? ஓட்டத்துக்கு ஜோனல் மீட் என்று ஒன்றாவது இருக்கிறது. கூடைப்பந்தில் பிளஸ் டூ முடித்த பெண்ணை யாராவது பார்க்க வேண்டும் என்றால் அவள் எங்கே போய் ஆடுவாள்?

"கூட்டம் வராதே" என்பது மிச்சம். பாரிஸில் 3×3 எங்கே நடந்தது தெரியுமா? பிளாஸ் டி லா கான்கார்ட், ஊரின் நட்ட நடு சதுக்கம். பிரெஞ்சுப் புரட்சியில் பதினாறாம் லூயி மன்னன் தலையை வெட்டினார்களே, அந்த இடம். இந்த ஆட்டத்தின் பாணியே அதுதான், கூட்டம் இருக்கிற இடத்துக்கு கோர்ட்டைத் தூக்கிக்கொண்டு போவது. நம்ம ஊரில் கூட்டத்துக்கா பஞ்சம்? சித்திரைத் திருவிழாவில் தமுக்கம் பக்கம் ஒரு ரிங்கை நட்டு, நாலு லைட்டைப் போட்டு, மைக்கில் அந்த கபடி கமெண்டரி அண்ணனையே உட்கார வையுங்கள். பத்து நிமிஷ மேட்ச். ஜிகர்தண்டா வாங்கி முடிப்பதற்குள் ஒரு ரிசல்ட்.

2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் 3×3 பெண்களுக்கு எட்டு டீமுக்குப் பதில் பன்னிரண்டு டீம் என்று ஆக்கிவிட்டார்கள். கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. தெற்காசியப் போட்டியில் நாம் 2019ல் காத்மாண்டுவில் தங்கம் வாங்கினோம், அதை வைத்து இன்னும் எத்தனை நாள் திருப்தி பட்டுக்கொண்டிருப்பது?

ஆகவே இளைஞர் மன்றத்து அண்ணன்மார்களே, காலேஜ் ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரிகளே, பழைய மாணவிகள் சங்கத்து அக்காக்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். மந்திரியிடம் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் அந்த வரிசையில் நிற்கப்போவதில்லை. அடுத்த திருவிழாவுக்கு மின்னொளி கபடி ஃபிளக்ஸ் அடிக்கும்போது கீழே ஒரு வரி சேருங்கள்: "பெண்கள் மூவர் கூடைப்பந்து". எட்டு டீம் வந்தால் முப்பத்திரண்டு பிள்ளைகள். மேலூரிலிருந்து ஒரு டீம், வாடிப்பட்டியிலிருந்து ஒன்று, திருமங்கலத்திலிருந்து ஒன்று, காலேஜ்களிலிருந்து மீதி. சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்தால் எட்டு மணிக்குள் ஃபைனலே முடிந்துவிடும், யார் வீட்டிலும் ராத்திரி தங்க வேண்டியதில்லை, "பத்திரம்" பேசுகிறவர்கள் கூடவே வந்து கேலரியில் உட்காரட்டும். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது, ரூல்படி வெளியிலிருந்து கோச்சிங் கிடையாது. முன்கூட்டியே ஃபிபா தளத்தில் போட்டியைப் பதிவு செய்துவிடுங்கள், ஆடுகிற பிள்ளைகளையும் அங்கே பெயர் பதிய வையுங்கள், இல்லாவிட்டால் புள்ளி யார் கணக்கிலும் ஏறாது.

அப்புறம் பந்து. கடைக்குப் போய் சும்மா பேஸ்கட்பால் கொடு என்று கேட்காதீர்கள், பழக்கத்தில் பெண்களுக்கான ஆறாம் நம்பரையோ பசங்களுக்கான ஏழாம் நம்பரையோ எடுத்து நீட்டுவார்கள். 3×3 பந்து தனி. அளவு ஆறாம் நம்பர், எடை ஏழாம் நம்பர். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே ஒரு பந்துதான்.